வாட்ச்மேன் வேலை போதும்... வெயிட்டைத் தூக்கு!

ஸ்கூல்ல பி.டி. பீரியட் ஞாபகம் இருக்கா? பெல் அடிச்சதும் பேகை எல்லாம் ஒரே குவியலா போட்டுட்டு கிரவுண்டுக்கு ஓடுவோமே... அந்தக் குவியலுக்குக் காவலா ஒருத்தன் உட்கார்ந்திருப்பானே, அவனை ஞாபகம் இருக்கா?

அப்படி ஒரு 'வாட்ச்மேன்'தான் இப்போ என் கிளாஸ்மேட். பத்தாவது லீவில் மொட்டை மாடியிலிருந்து விழுந்து, முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வீல்சேர்தான். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷமும் பி.டி. பீரியடில் அவனுக்கு பேக் டியூட்டி. "பாவம், அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்களாம். சிக்கலே அங்கேதான்!

காலேஜ் வந்தபிறகு ஒருநாள், "மச்சி, ஜிம்முக்குப் போகணும்" என்றான்.

"என்ன, சிக்ஸ் பேக்கா?" என்று கலாய்த்தேன்.

"இல்லடா... யார் கையையும் பிடிக்காம நானே ஆட்டோவுல ஏறணும்."

நான் கப்சிப்!

தோள்தான் கால்!

ஏரியா ஜிம் முதல் மாடியில். நாலு பேர் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனோம். மாஸ்டர் ஆர்வமானவர்தான். "கைக்கு மட்டும் போட்டுத் தர்றேன்" என்று தினமும் பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ் என்று தள்ளுகிற அயிட்டமாகவே கொடுத்தார். மூன்றாவது வாரம் வலது தோள் பிடித்துக்கொண்டது.

நமக்குத் தோள் வலித்தால் நடந்து போய் மாத்திரை வாங்கிக்கலாம். அவனுக்கு? வீல்சேர் ஓட்ட, கட்டிலில் இருந்து இறங்க, பாத்ரூம் போக... எல்லாமே தோள்தான். பத்து நாள் ஹாஸ்டல் ரூமுக்குள்ளேயே கிடந்தான்.

ஒரு பிசியோதெரபி மேடத்திடம் போனபிறகுதான் மேட்டர் புரிந்தது. வீல்சேர் ஓட்டுவதே நாள் முழுக்கத் தள்ளுகிற வேலை. நெஞ்சுத் தசை இறுகி, தோள் முன்பக்கமாக வளையும். அதற்கு மேலும் தள்ளினால் தாங்காது. வேண்டியது, இழுக்கிற எக்சர்சைஸ்! ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டைக் கட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுக்கச் சொன்னார்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "உனக்கு என்ன செய்யணும்?" ஆட்டோ என்றதும், பயிற்சியையே அதை வைத்துப் போட்டார். வீல்சேரில் இருந்து அதே உயரமுள்ள பெஞ்சுக்கு மாறணும். பழகினதும் பெஞ்சின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும். அவ்வளவுதான் பிளான்!

ஜிம் மாஸ்டர்ஸ், நோட் பண்ணுங்க!

* முதுகுத்தண்டில் மார்புக்கு மேலே அடிபட்டவர்களுக்கு நாடித்துடிப்பு மற்றவர்களைப் போல ஏறாது. வாட்ச் காட்டுகிற எண்ணை நம்பாமல், "எவ்வளவு கஷ்டமா இருக்கு? பத்துக்கு மார்க் போடுங்க" என்று கேளுங்க.

* இவர்களுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது எல்லாம் ரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறி. உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, டாக்டரைக் கூப்பிடுங்க.

* அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காமல் போகலாம். அதனால் உடம்பு சட்டென்று சூடாகும். ஃபேன், தண்ணீர், ஈரத்துண்டு கட்டாயம்.

* உணர்வு இல்லாத இடத்தில் புண் வந்தாலும் தெரியாது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை சாய்ந்து, உட்காரும் இடத்தின் அழுத்தத்தைக் குறைக்கணும்.

* செயற்கைக்கால் போட்டவர்களுக்கு வியர்வையில் அது நழுவும். நடுவில் கழற்றித் துடைக்க டைம் கொடுங்க.

* பார்வையில்லாதவரிடம் "இப்படிப் பண்ணுங்க" என்றால் எப்படி? வார்த்தையால் விளக்குங்க. தொட்டுக் காட்டணும்னா கேட்டுட்டுத் தொடுங்க. டம்பெல்லை எடுத்த இடத்திலேயே வைங்க.

மெடலுக்கு மட்டும்தானா?

சேலம் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் பாரிஸில் பேட்மின்டனில் வெள்ளி. கைதட்டினோம், ஸ்டேட்டஸ் போட்டோம். சூப்பர்! ஆனா, மெடல் வாங்கப் போறவங்களுக்கு மட்டும்தான் எக்சர்சைஸா?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. எல்லோரையும் போல அவர்களுக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. விளையாட்டில் அவர்கள் பங்கேற்க அரசு வழி செய்யணும் என்று 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது. சட்டம் இருக்கு... சாய்தளம்தான் பல ஜிம் வாசலில் இல்லை!

எட்டு மாசம் ஓடியது. போன வாரம் காலேஜ் கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். தட்டிவிட்டான். சேரைப் பக்கவாட்டில் நிறுத்தி, பிரேக் போட்டு, கம்பியைப் பிடித்து... ஒரே மூச்சு. உள்ளே உட்கார்ந்துவிட்டான்!

"என்னடா வேடிக்கை? சேரை மடிச்சு எடுத்துட்டு வா. அப்படியே என் பேகையும் பார்த்துக்கோ!"

இப்போ வாட்ச்மேன் யாருங்கிறீங்க? சாட்சாத் அடியேன்தான்!