கடல் இல்லாத ஊருக்கும் கடல் கணக்கு வேண்டும்!

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோவில் உள்ள ஊர். தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால், 80 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

"எங்கள் ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அங்கே யாராவது கேட்கலாம்.

சம்பந்தம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டு வரும் மழையில் பெரும் பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. அந்த வட்டாரத்துக் குளங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருக்கின்றன. அந்த மழை வங்காள விரிகுடாவில் இருந்து வருகிறது. கடல் நீர் சூடாகி, ஆவியாகி, மேகமாகிறது. கடலின் சூடு தெரிந்தால், மழையின் போக்கும் புயலின் போக்கும் ஓரளவு தெரியும்.

சரி, கடலின் சூட்டை யார் அளப்பது?

ஆராய்ச்சிக்குப் போன போர்க்கப்பல்

கடல் பெரியது. தனி ஒருவரால் அதை அளக்க முடியாது. ஒரு நாட்டால் கூட முடியாது.

1960 முதல் 1965 வரை, பல நாடுகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. சுமார் 40 கப்பல்கள் அந்த வேலையில் ஈடுபட்டன. இந்தியாவின் பங்கைக் கவனிக்க, அரசாங்கம் 1960-ல் ஒரு தேசியக் குழுவை அமைத்தது. கடற்படை, 'கிஸ்ட்னா' என்ற போர்க்கப்பலைக் கொடுத்தது. பீரங்கிக் கப்பலில் விஞ்ஞானிகள் ஏறினார்கள்!

அந்த ஆராய்ச்சியின் பயனாக, 1966 ஜனவரி 1-ந் தேதி தேசிய கடல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. அது கோவாவில் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் என்.கே. பணிக்கர்.

ஆளுக்கு ஒரு பக்கம்

ஆனாலும் கடல் வேலை பல இலாகாக்களில் சிதறிக் கிடந்தது. மீனை ஓர் இலாகா பார்த்தது. புயலை இன்னோர் இலாகா பார்த்தது. கடலடியில் உள்ள தாதுப் பொருளை வேறொன்று பார்த்தது.

இவற்றை ஒருமுகப்படுத்த, 1981 ஜூலையில் கடல் வளர்ச்சிக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. அது பிரதம மந்திரியின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. 1993-ல் சென்னையில் கடல் தொழில்நுட்ப நிலையம் தொடங்கியது. கடலில் மிதவைகளை விடுவது அதன் வேலைகளில் ஒன்று. காற்று, அலை, நீரின் சூடு ஆகியவற்றை மிதவை அளக்கும். அளந்ததைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும்.

1999-ல் கடல் தகவல் நிலையம் ஹைதராபாத்தில் தொடங்கியது. ஹைதராபாத்திலும் கடல் இல்லை!

இரண்டு மணி நேரம் இருந்தது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் பூகம்பம். தமிழகக் கரையை ஆழிப்பேரலை தாக்கியபோது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது. மேட்டுக்கு ஓட அந்த நேரம் போதும். ஆனால் ஓடச் சொல்ல யாரும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. நம் கடலுக்கு இல்லை!

பிறகு வேலை வேகமாக நடந்தது. 2006-ல் கடல் இலாகாவும் வானிலை இலாகாவும் புவி அறிவியல் அமைச்சகம் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. 2007 அக்டோபர் 15-ந் தேதி, ஹைதராபாத் நிலையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. பூகம்பக் கருவி, கடலடிக் கருவி, துறைமுகத்தில் நீர்மட்டம் பார்க்கும் கருவி ஆகிய எல்லாம் சொல்லும் செய்தி அங்கே வந்து சேர்கிறது.

2012 ஏப்ரல் 11-ந் தேதி, சுமத்ரா அருகே மறுபடியும் பெரிய பூகம்பம். இந்தத் தடவை சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது. பெரிய அலை எழவில்லை என்று கருவிகள் காட்டியபின், எச்சரிக்கை விலக்கப்பட்டது.

கடைசிக் கண்ணி

ஆனால் எச்சரிக்கை பிறந்தால் மட்டும் போதாது. அது போய்ச் சேரவும் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்கள் பலருக்குச் செய்தி எட்டவில்லை. கரையை விட்டு வெகுதூரம் போனால் கைப்பேசி வேலை செய்யாது. பல வீடுகளில் உழைத்துப் போட்டவர் திரும்பி வரவே இல்லை.

2019-ல் இதற்கு ஒரு கருவி வந்தது. செயற்கைக்கோள் அனுப்பும் எச்சரிக்கையை அது வாங்கி, படகில் உள்ளவரின் கைப்பேசியில் காட்டும். ஒவ்வொரு படகிலும் அப்படி ஒரு கருவி இருப்பது நல்லது.

மிதவை அளக்கிறது. நிலையம் கணக்குப் போடுகிறது. இலாகா சொல்கிறது. கேட்டு நடக்க வேண்டியவர்கள் நாம். "கடலுக்குப் போகாதே" என்றால் போகக் கூடாது. "கனமழை வரும்" என்றால், கரிவலம்வந்தநல்லூர் விவசாயி குளத்து மடையையும் வாய்க்காலையும் முன்கூட்டியே பார்த்து வைக்கலாம்.

கடல் எட்டத்தில் இருக்கலாம். அதன் மழை நம் வீட்டு வாசலுக்கு வருகிறது!