வலிக்காத நோயும் வாயில் உண்டு

பல் வலித்தால்தான் பல்லைப் பற்றி நினைப்பது நம்மிடையே நெடுநாளைய பழக்கம். முதலில் கிராம்பைக் கடிக்கிறோம். உப்பு நீரில் கொப்பளிக்கிறோம். பொறுக்க முடியாமற்போனால் தோட்ட மருந்தகத்தில் மாத்திரை வாங்குகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் பட்டணத்திற்குச் சென்று பிடுங்கிவிடுகிறோம். பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று அஞ்சி, சீழ் பிடித்த பல்லோடு மாதக்கணக்கில் காலந்தள்ளுவோரும் உளர். பல்லுக்கும் பார்வைக்கும் அத்தகைய தொடர்பு ஏதும் இல்லை. எப்படியோ வலி நின்றதும், நோயும் போயிற்று என்று வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். ஆனால், வாயில் தோன்றும் நோய்களுள் உடலை மிகவும் கெடுப்பவை தொடக்கத்தில் வலிப்பதே இல்லை.

பல் துலக்கும்போது எச்சிலில் இரத்தம் கலந்து வருவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அது ஈறு நோயின் முதல் அறிகுறியாகும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் நாள்தோறும் படிகிறது. அதைத் துலக்கி அகற்றாவிட்டால் கல்லைப்போல் இறுகிவிடும். பிறகு ஈறு வீங்கும். பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். சொத்தை இல்லாத நல்ல பல்லும் ஆடத் தொடங்கும். இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றியே நடந்து முடியும். இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவது நோயை வளர்க்கும். மென்மையான தூரிகையால் அங்கேதான் பொறுமையாகத் துலக்க வேண்டும்.

ஈறு நோய் வாயோடு நிற்பதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வருகிறது. ஈறு நோய் முற்றினால் இரத்தத்தில் சர்க்கரையின் அளவைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. நம் நாட்டில் நீரிழிவு இந்தியரிடையே மிகுதி என்பதைச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியது. ஆதலின் இது நம் வீட்டுக் கதையே. இளமையில் வாதக்காய்ச்சல் கண்டு இதய வால்வு பழுதுற்றவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து அந்த வால்வில் தங்கி உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக்கூடும். பல் பிடுங்கச் செல்லும்போது இதய நோயைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பால்மரம் சீவுவோர் விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு ஓடுபவர்கள். காலையில் அவசரமாகப் பல் விளக்கினாலும் விளக்கிவிடுகிறோம். இரவில் விளக்குவோர் எத்தனை பேர்? உறங்கும்போது எச்சில் சுரப்பது குறைவதால், பல்லைக் காக்கும் இயற்கைக் கவசம் அப்போது இல்லை. இருவேளையும் துலக்குவதே முறை. எனினும் இரவு வேளையைத்தான் நாம் பெரிதும் வலியுறுத்துவோம். ஃபுளோரைடு கலந்த பற்பசை சொத்தையைத் தடுக்கும். கரியும் செங்கல் தூளும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும்.

ஆயாக் கொட்டகையில் விடப்படும் குழந்தைகளுக்கு மற்றொரு கேடு உண்டு. இனிப்புக் கெட்டிப்பாலைக் கரைத்துப் புட்டியில் ஊற்றி, அதை வாயில் வைத்தபடியே தூங்கச் செய்கிறார்கள். குழந்தை அழாமல் தூங்கும். முன்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழுகும். பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்பது சரியன்று. பல் வலிக்கும் குழந்தை சரியாக உண்ணாது. உண்ணாத குழந்தை தேறாது.

இனி வெற்றிலைக்கு வருவோம். திருமணத்திலும் கோயிலிலும் அது மங்கலப் பொருள். அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தட்டில் இருக்கும் வெற்றிலை எவருக்கும் தீங்கு செய்வதில்லை. பசியையும் களைப்பையும் மறக்க, கன்னத்தில் மணிக்கணக்காக அதக்கி வைக்கும் பாக்கும் புகையிலையுமே தீங்கு செய்கின்றன. நம் நாட்டில் வாய்ப்புற்று நோய் இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே, மிகுந்து காணப்படுவதற்கு இப்பழக்கம் முக்கியக் காரணமாகும். "புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தானே" என்று நம் பாட்டிமார் கூறும் சமாதானமும் செல்லாது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம், பாக்கே புற்றுநோயை விளைவிப்பது என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்தது. களைக்கொல்லி தெளிக்கும் கையால் வெற்றிலை மடித்துப் போடுவது நஞ்சையும் சேர்த்து மெல்லுவதாகும். பல்லாண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் விடுவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். முதலில் புகையிலையை விலக்கலாம். வாயில் அதக்கியபடி உறங்குவதை அன்றே நிறுத்தலாம். பிறகு பாக்கையும் விட்டுவிட வேண்டும்.

வெற்றிலை போடுபவர்கள் மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைப் பார்த்துக்கொள்வது நலம். கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி ஆகிய இடங்களில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ சிவந்த திட்டோ இருக்கிறதா? இரண்டு வாரமாகியும் ஆறாத புண் உண்டா? காரம் பட்டால் வாய் எரிகிறதா? மூன்று விரல்களை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க இயலாத அளவுக்கு வாய் இறுகிவிட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் கண்டால் புற்றுநோயும் குணப்படுத்தக்கூடியதே.

மருத்துவரிடம் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை நியாயமானது. அரசாங்கப் பல் மருந்தகங்களில் கட்டணம் குறைவு. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புக்கு இடமளிக்கிறது. பல் மருத்துவர் தரும் விடுப்புச் சான்றும் அதில் அடங்கும். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குத் தெரிவித்து, சான்றை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.