வலைத்தளத்தில் நம் நிறுவனம்

எறணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இன்ஃபோபார்க் வளாகமும் அமைந்த இடம் காக்கநாடு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, அம்மாவட்ட நிர்வாகமும் தன்னார்வலர்களும் இணைந்து ‘அன்போடு கொச்சி’ என்ற பெயரில் நிவாரணப் பொருள்களைத் திரட்டி அனுப்பினர். 2018 ஆகஸ்டில் வெள்ளம் கேரளத்தையே சூழ்ந்தது. அப்போது முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பரவிய உதவிக் குரல்கள் பலவற்றில் தேதி இல்லை, இடம் தெளிவாக இல்லை. மீட்கப்பட்டவர்களுக்காகவும் வேண்டுகோள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ‘கேரளா ரெஸ்க்யூ’ இணையதளமோ இடம், தொலைபேசி எண், தேவை ஆகியவற்றைப் படிவமாகக் கேட்டுப் பெற்றது.

கடை நடத்துவோரும் தணிக்கையாளரும் மருத்துவரும் இதே முறையைப் பின்பற்றலாம். ‘நாளை விடுமுறை’ என்று தேதியின்றி இடும் பதிவு, அடுத்த மாதமும் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடும். நாள்தோறும் பத்துப் படங்கள் இடுவதைவிட, வரும் வினாக்களுக்கு அன்றே விடையளிக்க ஒருவரை நியமிப்பது மேல் என்பது எங்கள் கருத்து. (வாழ்த்துப் படங்களைக் குறைத்தாலும் குறையொன்றுமில்லை!)

வங்கியாளர்களாகிய எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. வாடிக்கையாளர் பொதுவெளியில் புகார் எழுதியதும், வங்கியின் பெயரையும் சின்னத்தையும் சூடிய போலிக் கணக்கிலிருந்து ‘உதவுகிறோம், எண்ணைத் தாருங்கள்’ என்று பதில் வருகிறது. உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் இது நிகழலாம். ஆகவே அதிகாரபூர்வக் கணக்குகளின் பெயர்களை ரசீதிலும் கடைப் பலகையிலும் அச்சிடுங்கள். கணக்கு எண்ணையோ ஓடிபியையோ பதிவுகளில் எவரிடமும் கேட்காதீர்கள். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்து, கிளைக்கும் தெரிவியுங்கள்.