படகேறாத காலைகள்

எழுவைதீவில் ஒரு பிள்ளை தொழில் பழகப் போகிறது என்றால் அந்தச் செய்தி ஒரு வீட்டோடு நிற்காது. காலைப் படகில் ஊர்காவற்றுறைக்குப் போய், பஸ் ஏறி, வேலணையும் அல்லைப்பிட்டியும் பண்ணைப் பாலமும் கடந்துதான் யாழ்ப்பாணம். ஒவ்வொரு நாளும் போய்வருவது சரிவராது என்று நகரத்தில் மாமி வீட்டில் தங்க ஒழுங்கு பண்ணியிருப்பார்கள். புதுச் சப்பாத்து வாங்கியாயிற்று. கோவிலில் அர்ச்சனை செய்தாயிற்று. ஒழுங்கையில் கண்டவரெல்லாம் "எப்ப தம்பி வெளிக்கிடுறாய்?" என்று கேட்டு முடித்தாயிற்று.

அப்போது அந்த அழைப்பு வருகிறது. "இந்த முறை ஆக்கள் எடுக்கேல்லையாம் தம்பி. பிறகு பாப்பம்." அரை நிமிடப் பேச்சு. காரணம் சொல்வதில்லை, சொன்னாலும் அந்த நேரத்தில் பிள்ளையின் காதில் ஏறுவதில்லை.

2022இல் எரிபொருளும் மின்சாரமும் டொலரும் இல்லாமல் நாடே தடுமாறியபோது, இப்படிக் கைவிடப்பட்ட பிள்ளைகள் பல வீடுகளில் இருந்தார்கள். செலவைக் குறைக்க நினைக்கும் முதலாளி முதலில் நிறுத்துவது புதிதாக ஆள் சேர்ப்பதைத்தான். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. கடற்றொழில் செய்யும் வீட்டுக்கு அது இரட்டை அடி: அப்பாவின் படகு கரையில், பிள்ளையின் பயணப் பை மூலையில். அந்த மோசமான காலம் கடந்துவிட்டாலும், பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்கு இது நேரும்போது வீடு என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் இன்னும் பேசிப் பழகவில்லை.

தொடங்காத வேலைக்கு என்ன துக்கம்?

பெற்றோர் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். "ஒரு நாளும் போகேல்லை, பிறகு எதை இழந்தது?" அன்போடு சொல்லும் ஆறுதல்தான், ஆனால் பிள்ளைக்கு அது தைக்கிறது. ஏனென்றால் மனதளவில் அந்தப் பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. எழுவைதீவில் காற்றாலையும் சூரியத் தகடுகளும் டீசல் இயந்திரமும் மின்கலங்களும் சேர்ந்து ஊருக்கு வெளிச்சம் தரும் சிறு மின்தொகுதி இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த ஒரு பெடியன் மின்தொழில் பழகப் புறப்பட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கற்பனையில் கையில் டெஸ்டரும் இடுப்பில் கருவிப் பையுமாக ஏற்கெனவே சில மாதம் வாழ்ந்திருப்பான். முதல் கொடுப்பனவில் அம்மாவுக்கு என்ன வாங்குவது என்றுகூட முடிவு செய்திருப்பான்.

வேலை இல்லாமற்போவது மனிதனை என்ன செய்கிறது என்பதை முதன்முதலில் கூர்ந்து பார்த்த ஆய்வுகளில் ஒன்று ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற சிற்றூரில் நடந்தது. ஊரே நம்பியிருந்த துணி ஆலை மூடியபின் மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கு போய்ப் பார்த்து எழுதியது 1933இல் நூலாக வந்தது. கை நிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆண்கள் தெருவில் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. யஹோடா பிற்காலத்தில் இதை இன்னும் தெளிவாகச் சொன்னார்: சம்பளத்தோடு சேர்த்து, வேலை ஒருவருக்கு நேர ஒழுங்கைத் தருகிறது, வீட்டுக்கு வெளியே மனிதர்களைத் தருகிறது, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கத்தையும், ஊரில் 'இன்னார்' என்ற இடத்தையும், செய்தே ஆகவேண்டிய ஒரு செயலையும் தருகிறது.

இந்த ஐந்தையும் ஒரு தீவில் வைத்துப் பாருங்கள். காலைப் படகுதான் நேர ஒழுங்கு. படகில் கூட வருபவர்கள்தான் வெளி மனிதர்கள். "யாழ்ப்பாணத்தில பழகிறான்" என்பதுதான் ஊரில் அவன் இடம். ஒரே அழைப்பில் எல்லாம் போய்விடுகின்றன. வேறு வேலை தேடிக் கொடுக்க மாதங்கள் ஆகலாம். ஆனால் இந்த ஐந்தில் சிலவற்றை வீடு நாளைக்கே திருப்பிக் கொடுக்க முடியும். நான் வலியுறுத்த விரும்புவது அதைத்தான்.

முதல் கிழமை

பிள்ளை அழுதால் அழட்டும். பேசாமல் இருந்தால் பக்கத்தில் இருங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று உடனே சொல்ல வேண்டாம். "உன்ர ஓ.எல் பெறுபேறு இன்னும் கொஞ்சம் நல்லா இருந்திருந்தா" என்பதை எப்போதுமே சொல்ல வேண்டாம். "உனக்கு நடந்தது சரியில்லை. எனக்கும் மனம் நோகுது" என்ற இரண்டு வரி போதும், அப்பாக்கள் வாயிலிருந்து வந்தால் அதன் பலமே வேறு.

சில வீடுகளில் அம்மம்மா நாவூறு கழிப்பார். கழிக்கட்டும்; பிள்ளையைத் தொட்டு, தலையைத் தடவி, உனக்காக நான் இருக்கிறேன் என்று சொல்லும் ஒரு வழி அது. கண்பட்டது என்ற பேச்சு, "நீ தகுதியில்லாதவன்" என்ற பேச்சைவிட எவ்வளவோ இரக்கமானது. ஆனால் கழித்தாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று வீடு அதோடு கதையை மூடிவிடக்கூடாது.

பதின்ம வயதில் நிராகரிப்பு பெரியவர்களைவிட ஆழமாகத் தைக்கும். உணர்ச்சியை அடக்கித் தூரநோக்கோடு யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. "இது ஒரு சின்ன விஷயம்" என்று நாற்பது வயதில் தெரிவது பதினேழில் தெரியாததற்கு உடலிலேயே காரணம் உண்டு.

"என்னடா, போகேல்லையே?"

நகரத்தில் ஒரு பிள்ளை இதை நண்பர்களிடம்கூட மறைத்துவிடலாம். தீவில் முடியாது. கடைக்கு மா வாங்கப் போனால் கேட்பார்கள், இறங்குதுறையில் கேட்பார்கள், கோவில் வீதியில் கேட்பார்கள். கேட்பவர்கள் எல்லாரும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஒரே நாளில் பத்துப் பேரிடம் ஒரே தோல்வியைச் சொல்ல வேண்டிய பிள்ளை மறுநாள் வெளியே வராது. பிறகு அதற்கு மறுநாளும் வராது. அறைக்குள் முடங்குவது பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. காரணம் சோம்பல் என்று வீடு நினைக்கும். உண்மையில் அது வெட்கம்.

ஆகவே பதிலை முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள். பிள்ளையோடு இருந்து, உண்மையான, குறுகிய ஒரு வசனத்தைச் சேர்ந்து உருவாக்குங்கள். "அவங்கள் இந்த முறை எடுக்கேல்லை மாமா, வேற இடம் பாக்கிறன்" என்பது போல. அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் கடன் இல்லை. வீட்டில் எல்லாரும் அதே வசனத்தைச் சொல்ல வேண்டும். அம்மா ஒரு கதை, அண்ணா ஒரு கதை சொன்னால் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் மாட்டும். பொய் சொல்லச் சொல்லாதீர்கள். "அடுத்த மாதம் எடுப்பினமாம்" என்று சொல்லிவிட்டால் அடுத்த மாதம் மறுபடி அதே இறங்குதுறையில் நிற்க வேண்டும்.

நெருங்கிய ஓரிருவரிடம், ஒரு சித்தியிடமோ கடைக்கார அண்ணையிடமோ, பெற்றோரே போய் "பிள்ளையிட்ட இதைப் பற்றி இப்ப கேக்காதேங்கோ" என்று சொல்லிவிடலாம். சின்ன ஊரில் செய்தி பரவும் வேகம் இந்த இடத்தில் நமக்குத் துணை. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் "என்ன தம்பி வேலை எப்படி?" என்று வரும் கேள்விதான் பல பிள்ளைகள் தொலைபேசியை அணைத்து வைக்கக் காரணம்.

காலையைக் கைவிடாதீர்கள்

பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும். அந்த வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னால் நகரும். நித்திரை பிந்தித்தான் வரும். எழும்ப ஒரு காரணமும் இல்லாதபோது இரவு இரண்டு மணி வரை தொலைபேசி, பகல் பதினொன்றுக்கு விழிப்பு என்று ஆகிவிடும். உறக்கம் குழம்பினால் மனம் சோரும், மனம் சோர்ந்தால் உறக்கம் மேலும் குழம்பும்.

மனம் தெளிந்த பிறகு எழும்பி வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. மனச்சோர்வுக்கான உளச்சிகிச்சையில் நன்கு சோதிக்கப்பட்ட ஒரு வழி இதைத் தலைகீழாக்குகிறது: முதலில் செயல், மனம் பின்னால் வரும். ஆகவே காலை ஒரு நேரத்துக்கு எழும்பி, வெயில் படும்படி வெளியே போய், செய்ய ஒரு வேலை இருக்கட்டும். அது வேறொருவர் எதிர்பார்த்திருக்கும் வேலையாக இருந்தால் நல்லது. மாமாவின் வெளியிணைப்பு எஞ்சினைக் கழற்றிப் பூட்ட உதவுவது, பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. ஆனால் "சும்மாதானே இருக்கிறாய்" என்று எல்லா வேலையையும் தலையில் கட்ட வேண்டாம். அந்தச் சொல் வந்துவிட்டால் செய்த வேலை தண்டனையாகிவிடும்.

அவசரமாக எதையும் முடிவு செய்யாதீர்கள்

இந்தக் கிழமைகளில்தான் பெரிய யோசனைகள் வீட்டுக்குள் நுழையும். காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம் என்பது ஒன்று. பெண்பிள்ளை என்றால், "படிச்சது காணும், கலியாணத்தைப் பாப்பம்." தோல்வியின் வலியில் இருக்கும் பிள்ளை இரண்டுக்கும் தலையாட்டிவிடும். அதைச் சம்மதம் என்று எடுக்கக்கூடாது. பெண்பிள்ளைக்கு இந்த இழப்பு இன்னும் கனமானது, ஏனென்றால் தீவை விட்டு வெளியே போகக் கிடைத்த ஒரே அனுமதியும் அந்தப் பயிற்சியோடு சேர்ந்து போகிறது. தயவுசெய்து அந்த அனுமதியைத் திரும்ப எடுக்காதீர்கள். இடம் மாறினாலும் போகலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த கதவு

ஓரிரு கிழமை கழிந்து பிள்ளை தானாகக் கேட்கத் தொடங்கும்போது வேறு இடம் தேட இறங்கலாம். முதலில், பழகப் போகவிருந்த இடத்தில் மூலச் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் வாங்கிவிடுங்கள். காரணத்தை மரியாதையாக ஒரு கடிதத்தில் கேட்கலாம். "இடமில்லை" என்று எழுத்தில் வந்தால்கூட, தன்னில் பிழையில்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

தனியார் ஒருவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், பயிலுனர் ஒப்பந்தத்தோடு சேர்க்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையை நாடலாம். தொழிற்பயிற்சி அதிகார சபை, யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகியவையும் உண்டு. தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. அப்பாவோடும் மாமாவோடும் பழகிய எஞ்சின் வேலையை, வகுப்புக்குப் போகாமலே மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகார முறையும் அதில் இருக்கிறது. தீவகத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு, வீடுகளில் போதிய அளவு பேசப்படாத வாய்ப்பு. பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளில் இதையும் விசாரியுங்கள். விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். நீங்கள் படகுக் காசும் கூட நடப்பதும் கொடுங்கள்.

எப்போது வைத்தியரிடம்?

துக்கம் நாளுக்கு நாள் கொஞ்சமாவது அசையும். ஒரு நாள் சிரிப்பு வரும், மறுநாள் மறையும். இரண்டு கிழமைக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் அசையாமல் அப்படியே கிடந்தால் கவனியுங்கள். பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாகவே வரவேண்டும் என்றில்லை. எரிச்சலாக வரும். காரணமில்லாத தலையிடியாகவும் வயிற்று நோவாகவும் வரும். சாப்பாடு இறங்காது. பந்தடிக்கப் போன பிள்ளை மைதானப் பக்கமே போகாது. மதுவோ வேறு போதையோ கைக்கு வந்திருந்தால் அதுவும் ஓர் அறிகுறி, அடியாமல் பேசுங்கள்.

"நான் இருந்து என்ன?" என்ற சொல் வந்தால் பகிடியாக எடுக்க வேண்டாம். நேராகக் கேளுங்கள்: "சாகவேணும் போல நினைப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை, கேட்டதே பல பிள்ளைகளுக்குப் பாரம் இறக்கிய மாதிரி. அன்றிரவு தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்து அகற்றுங்கள் அல்லது பூட்டுங்கள். 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அந்த விகிதம் பெருமளவு இறங்கியது. அந்த ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாதிருந்தால், அந்தக் கணம் கடந்துபோகிறது.

தேசிய மனநல உதவி இலக்கம் 1926. 1333க்கும் இலவசமாகப் பேசலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு 1929. 1990 அம்புலன்ஸ் கடல் தாண்டி வராது. ஆகவே இரவில் யாருடைய படகு, யார் ஓட்டுவது என்பதை இன்றே பேசி வையுங்கள்.

அவசரமில்லாத நிலையில் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையில் தொடங்கலாம். தேவையென்றால் அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ தெல்லிப்பழை வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். மனநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம். படகில் யாராவது "எங்க பயணம்?" என்று கேட்டால், அந்தப் பதிலையும் பிள்ளையோடு பேசி வைத்துக்கொண்டு ஏறுங்கள். சோளகம் பலத்து வீசும் நாளென்றால் திரும்பும் படகு ஓடுமா என்று விசாரித்து, ஊர்காவற்றுறையில் தங்க ஓர் இடமும் சொல்லி வையுங்கள்.