மாதிரிக் கப்பல்களைச் செப்பனிடுதல்

இரயில்வே குமாஸ்தாவுக்குக் கப்பலோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவக்கூடும். இம்மும்பையில் 1853ஆம் ஆண்டு முதல் இரயில் ஓடுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, வாடியா குடும்பத்தார் இங்கே தேக்கினால் கப்பல் கட்டத் தொடங்கிவிட்டனர். ஈழத்துத் திருகோணமலையின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1817 அக்டோபர் 12ஆம் நாள் இங்குதான் நீரில் இறக்கப்பெற்றது. அது 2001இல் செப்பனிட்டு முடிக்கப்பெற்று, இங்கிலாந்தின் ஹார்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது. பழைய தேக்கில் இயன்றமட்டும் எதையும் கழிக்காமல் காத்தனர் என்பதே அவ்வேலையின் பெருமை.

அதற்கு முன் 1813இல் இங்கே கட்டிய கார்ன்வாலிஸ் கப்பலுக்கு அப்பேறு வாய்க்கவில்லை, அது உடைக்கப்பட்டுவிட்டது. இவ்வாறு மறைந்த கப்பல்களின் உருவை அறிய வரைபடமும் மாதிரியுமே துணை. ஆகவே நம் இல்லத்து அலமாரியில் பாட்டனார் விட்டுச்சென்ற சிறு கப்பல் ஒன்று இருப்பின், அதனை விளையாட்டுப் பொருளெனத் தள்ளிவிடலாகாது.

முதலில் கெடுவது கயிறே. பருத்தி நூல் மழைக்காலத்து ஈரத்தில் இறுகும்; வெயிற்காலத்தில் தளரும்; ஈற்றில் அறும். அறுந்ததை மட்டும் மாற்றுக. முழுவதையும் பிரித்துப் புதுநூல் கட்டினால் பழைய முடிச்சுகளின் முறை அழிந்துபோம். தொடங்குமுன் நாற்புறமும் புகைப்படம் எடுத்தல் நன்று. தூசியை மென்மயிர்த் தூரிகையால் துடைக்க வேண்டும்; தண்ணீர் கூடாது. ஒட்டுவதற்குத் தச்சர் காய்ச்சும் வச்சிரமே சிறந்தது. வேண்டும்போது அது வெந்நீரில் இளகும். கணத்தில் ஒட்டும் கடைப்பசையோ பின்வருவோரின் கையைக் கட்டிவிடும். வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்கும் ஆசையும் நம்மவரிடம் மிகுதி; அதை அடக்கிக்கொள்வதே நலம்.

நங்கூரம், பீரங்கி முதலியவை ஈயத்தால் ஆனவையாயின் மிகுந்த எச்சரிக்கை தேவை. காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில், மரத்திலிருந்து எழும் புளித்த ஆவி தங்கி ஈயத்தை அரிக்கும். ஈரமிருந்தால் அரிப்பு விரைவுபடும். மேலே வெள்ளைத் தூள் பூக்கும். காப்பதற்கென்று செய்த பெட்டியே பகையாவது இங்கேதான்! அத்தூள் நஞ்சு. வாயால் ஊதுதலும் குழந்தைகள் தொடுதலும் ஆகா. பெட்டியின் பின்புறத்தில் சிறு துளைகள் இட்டு, தூசி புகாவண்ணம் மெல்லிய துணி ஒட்டினால் காற்று உலாவும்.

உதிர்ந்த துண்டுகளை எறியாது உறையிலிட்டு, நாள் குறித்துப் பெட்டியடியிலேயே வைத்திடுக.