கணினியில் புதுப்பிப்பு தடைபடும்போது

தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் ஒரு நாள் மாலை மிகுந்த வேதனையோடு என் வீட்டிற்கு வந்தார். அவருடைய கணினியில் விண்டோஸ் புதுப்பிப்பு பல நாள்களாக ஏறாமல், ஒரே பிழை எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. பட்டணத்துக் கடையொன்றில் கொடுத்தார். கடைக்காரர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றித் தந்துவிட்டார். கணினி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதிலிருந்த பழைய லயன் வீடுகளின் படங்கள் போய்விட்டன. அந்த லயன்கள் இடிக்கப்பட்டு, இன்று அவ்விடத்தில் செம்பனை நிற்கிறது. மறுபடி படம் எடுக்க வழியில்லை.

அந்தப் பிழை எண்ணை ரசீதின் பின்புறம் குறித்து வைத்திருந்தார்: 0எக்ஸ்80070070. "இடம் போதவில்லை" என்பதே அதன் பொருள். சில பழைய கோப்புகளை அகற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவரைப் போல வேறு எவரும் இழக்கக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

புதுப்பிப்பு என்பது ஒரே வேலையன்று. கணினி முதலில் நிறுவனத்தின் பொறிகளோடு பேசி, தனக்கு எது தேவை என்று கேட்கிறது. பிறகு அதை இறக்கி, கட்டவிழ்த்து, பழைய கோப்புகளை உடனே எறியாமல் புதியவற்றை அருகில் வைக்கிறது. கடைசியில் அணைந்து எழும்போது இடம் மாற்றுகிறது. ஏதாவது தவறினால் பழைய நிலைக்கே திரும்புகிறது. பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே இருக்க வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு இடம் தேவைப்படுகிறது. பெரிய புதுப்பிப்புக்கு 20 கிகாபைட் அளவு காலியாக இருப்பது நல்லது.

பிழை எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண். (இதைச் சொல்லும்போது பழைய கணித ஆசிரியர் எனக்குள் விழித்துக்கொள்கிறார், பொறுத்தருள்க.) கடைசி 70 என்பது ஏழு பதினாறுகள், அதாவது 112. விண்டோஸின் பட்டியலில் 112 என்றால் வட்டு நிரம்பிவிட்டது. 80070002 என்று முடிந்தால் ஒரு கோப்பு காணவில்லை. 80070005 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது. 80072இஇ2 என்றால் இணையத்தில் மறுமொழி வரக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. கைப்பேசி இணைப்பைப் பகிர்ந்து கணினியை ஓட்டும் தோட்டத்து வீடுகளில் இந்தக் கடைசிப் பிழையை எதிர்பார்க்கலாம். அலைவரிசை நன்றாக இருக்கும் வேளையில் மீண்டும் முயன்றால் போதும். அமைப்புகளில் அந்த இணைப்பை "அளவிடப்படும் இணைப்பு" என்று குறித்திருந்தால் புதுப்பிப்பு தானாக இறங்காது என்பதையும் நினைவிற்கொள்க.

எதைத் தொடும் முன்னும் படங்களையும் ஆவணங்களையும் வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். அதன்பின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் கடிகாரம் பல ஆண்டு பின்தங்கியிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகி, இணைப்பே மறுக்கப்படும். மின்கம்பியைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போனால், உள்ளே இருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது. சில ரிங்கிட்டில் மாற்றலாம்.

இடம் போதாவிட்டால் அமைப்புகளில் சேமிப்பகம், தற்காலிகக் கோப்புகள் என்ற இடத்திற்குச் சென்று தேவையற்றதை நீக்கலாம். அந்தப் பட்டியலில் "பதிவிறக்கங்கள்" என்பதும் இருக்கும். பிள்ளைகளின் பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அந்தக் கட்டத்தில் குறியிட்டுவிடாதீர்கள்.

இன்னும் தீராவிட்டால் நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, டிஸ்ம் என்னும் கருவியால் மூலக்கோப்புகளின் கிடங்கைச் சரிசெய்து, பிறகு எஸ்எஃப்சி என்னும் கருவியை ஓட்ட வேண்டும். முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்தால், பழுதான கிடங்கிலிருந்தே பொருள் எடுத்ததாகிவிடும். இதைப் பேரப்பிள்ளைகளிடம் விடலாம்.

சில வேளைகளில் நம்மிடம் குற்றமே இராது. 2024 ஜனவரியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று, மீட்புப் பகுதியில் 250 மெகாபைட் காலியிடம் இல்லாத கணினிகளில் 80070643 என்ற பிழையோடு நின்றது. எண்ணைக் குறித்துக்கொண்டு, அது பலருக்கும் வந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகே கடைக்குப் போவது நல்லது.

புதுப்பிப்பு ஓடும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். மாலை இடிமழை நமக்குத் தெரிந்ததுதான். மேசைக் கணினி வைத்திருப்போர் வானம் இருட்டும் வேளையில் இந்த வேலையைத் தொடங்காமல், காலையில் செய்வது உத்தமம்.

தொல்லையே வேண்டாமென்று புதுப்பிப்பை ஒரேயடியாக நிறுத்துவோரும் உண்டு. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் கொடிய நிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. ஏற்றாதவர்களே பெரிதும் அகப்பட்டனர்.

பழைய கணினி வைத்திருப்போருக்கு வேறொரு செய்தி. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நீட்டிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அது இல்லாத கணினி மறுத்தால், அது பழுதன்று.

"உங்கள் விண்டோஸில் பிழை" என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் வைத்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் அப்படி வலிய வந்து யாரையும் அழைப்பதில்லை. அவர்கள் சொல்லும் நிரலை இறக்கினால் கணினி அவர்கள் கைக்குப் போய்விடும். பணம் போயிருந்தால் காலம் தாழ்த்தாமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி மறுமொழி மையத்தை அழைக்க வேண்டும்.

நண்பரின் படங்களில் மூன்று மட்டும், பல ஆண்டுகளுக்கு முன் தம் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, திரும்பக் கிடைத்தன. அவற்றை இப்போது இரண்டு வெளித்தட்டுகளில் வைத்திருக்கிறார். ஒன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.