தொழில் கற்கும் மாணவருக்குக் கால்குலஸ் வேண்டாமா?

அமெரிக்கப் பள்ளிகளில் வெள்ளையின மாணவர்களுக்கும், கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களுக்கும் இடையே தேர்வு மதிப்பெண்ணிலும் பள்ளி நிறைவிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் தலைமுறைகளாக நீடித்துவரும் வேறுபாட்டைக் கல்வியாளர்கள் ‘சாதனை இடைவெளி’ என்று குறிப்பிடுகின்றனர். நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலைக் கொண்ட தேசியக் கல்வி மதிப்பீட்டின்படி, 17 வயது கறுப்பின, வெள்ளையின மாணவர்களின் வாசிப்புத் திறனில் 1971-இல் 50 புள்ளிகளுக்கு மேல் இருந்த இடைவெளி 1988-இல் ஏறத்தாழ 20 புள்ளிகளாகச் சுருங்கியது. அதன் பின்னர் சுருங்க மறுத்து, 2012-இல் 26 புள்ளிகளாக இருந்தது. தேர்வுகளைப் பெருக்கி, பின்தங்கும் பள்ளிகள்மீது நெருக்கடி கொடுத்தால் நிலைமை மாறும் என்ற நம்பிக்கையில் 2002-இல் கொண்டுவரப்பட்ட சட்டமும் எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தராத நிலையில், மாணவரின் எதிர்காலத் தொழிலோடு பாடத்தைப் பிணைத்து, படிப்பின்மீது அவருக்கே நாட்டம் பிறக்கச் செய்யும் கல்வியின் பக்கம் கவனம் திரும்பியிருக்கிறது.

இம்முறையின் மிகப் பழைய வடிவமான ‘கேரியர் அகாடமி’ 1969-இல் ஃபிலடெல்ஃபியா நகரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மின்பணித் துறையை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. பெரிய பள்ளிக்குள் இயங்கும் ஒரு சிறிய பள்ளி என்று இதைச் சொல்லலாம். நூற்றைம்பது முதல் இருநூறு மாணவர்கள் வரை மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் குழுவிடம் பயில்கின்றனர். மருத்துவம், நிதி, மின்னணுவியல் போன்ற ஒரு துறை எல்லாப் பாடங்களையும் இணைக்கும் இழையாகிறது. உள்ளூர் நிறுவனங்கள் பணியிடப் பயிற்சி அளிக்கின்றன. மருந்தின் அளவைக் கணக்கிடும் தேவை எழும்போது விகிதக் கணக்கைக் கற்கும் மாணவருக்கு, அந்தக் கணக்கு எதற்கு என்ற ஐயம் எழுவதில்லை. பல ஆண்டுகள் தம்மை அறிந்த ஆசிரியர்கள் இருப்பதால், வகுப்புக்கு வராத நாளில் தம்மைத் தேடுவதற்கு ஒருவர் உண்டு என்பதும் அம்மாணவருக்குத் தெரியும். நகர்ப்புறப் பள்ளிகளில் படிப்பை இடையில் கைவிடும் பிள்ளைகள் பலருக்குக் கிடைக்காமற்போனது இந்த இரண்டாவது உறுதிதான்.

இம்முறை பலன் தருகிறதா என்பதைக் கண்டறிய 1993-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்திருந்த ஒன்பது பள்ளிகளில், குலுக்கல் முறையில் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டது. பங்கேற்ற ஏறத்தாழ 1,700 மாணவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பள்ளிப் படிப்பு முடிந்த பின்னான எட்டு ஆண்டுகளில் அகாடமி மாணவர்களின் சராசரி வருவாய் மற்றவர்களுடையதைவிட 11 விழுக்காடும், ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 17 விழுக்காடும் கூடுதலாக இருந்தது என 2008-இல் வெளியான இறுதி அறிக்கை தெரிவித்தது. வாழ்க்கைத் துணையோடும் குழந்தைகளோடும் தனிக்குடும்பமாக வாழ்பவர்களின் விகிதமும் கூடியிருந்தது. கறுப்பின இளைஞர்களின் வேலைவாய்ப்பு நலிந்துவந்த காலத்தில் கிடைத்த இந்தப் பலன் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அதே ஆய்வில் தேர்வு மதிப்பெண்கள் உயரவில்லை; பள்ளி நிறைவிலோ கல்லூரிப் பட்டம் பெறுவதிலோ இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடும் தென்படவில்லை.

இவ்விடத்தில் கறுப்பினச் சமூகத்தின் நீண்ட நினைவு குறுக்கிடுகிறது. அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. 1881-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் நிறுவப்பட்ட கல்விக்கூடம், அடிமை நிலையிலிருந்து விடுபட்ட மக்களுக்குக் கைத்தொழிலும் வேளாண்மையும் முதலில் தேவை என்ற நெறியைப் பரப்பியபோது, உயர்கல்வியையும் அரசியல் உரிமையையும் தள்ளிப்போடும் நெறி அது என்ற மறுப்பை 1903-இல் வெளிவந்த ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ என்ற நூல் எழுப்பியது. 1917-ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்குக் கூட்டாட்சி அரசின் நிதியைக் கொண்டுவந்த பிறகும், தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வயல் வேலையும் வீட்டு வேலையும் கற்பிக்கும் வகுப்புகளே பெரும்பாலும் கிட்டின. நிறப் பிரிவினை கொண்ட பள்ளிகள் 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் சட்டவிரோதமாக்கப்பட்டாலும், ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள் சிலரைக் கல்லூரிப் பாடங்களுக்கும் சிலரைப் பட்டறைக்கும் அனுப்பும் ‘தடம் பிரித்தல்’ என்ற வழக்கம் அந்தப் பிரிவினையை வேறு உருவில் தொடரச் செய்தது. பதினான்கு வயதில் பிள்ளையின் கையில் தரப்படும் பாடப் பட்டியல், எந்த வாசல் திறக்கும், எது மூடும் என்பதை அன்றே முடிவுசெய்துவிடுகிறது.

இந்த அச்சம் இன்றும் காலாவதியாகவில்லை என்பதற்குப் பள்ளிகளே சான்று. 2013–14 கல்வியாண்டின் கூட்டாட்சி அரசுக் கணக்கெடுப்பில், கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் மிகுந்த உயர்நிலைப் பள்ளிகளில் 33 விழுக்காடே கால்குலஸ் கற்பித்தன. அவர்கள் குறைவாக உள்ள பள்ளிகளிலோ இது 56 விழுக்காடு. தொழிற்கல்விக்கு உள்ளேயும் இதே வேலி உண்டு: பொறியியல், தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளில் கறுப்பின மாணவர்கள் பல மாநிலங்களில் குறைந்தும், விருந்தோம்பல், மனித சேவை போன்ற ஊதியம் குறைந்த பிரிவுகளில் மிகுந்தும் காணப்படுகின்றனர். ‘வொகேஷனல்’ என்ற பழைய பெயரை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ‘தொழில்முறை, தொழில்நுட்பக் கல்வி’ என மாற்றியது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிரிவு என்பதை உண்மையில் தீர்மானிக்கும் ஆலோசகரின் மேசையை அது மாற்றிவிடவில்லை.

கலிபோர்னியாவில் வளர்ந்த ‘லிங்க்ட் லேர்னிங்’ முறை இந்த அச்சத்துக்கு விடையாக அமையக்கூடும். தொழிற்பாடத்தைத் தேர்ந்த மாணவரும், மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கு வேண்டிய 15 ஓராண்டுப் பாடங்களையும் முடிப்பதற்கு வழிசெய்து, பணியிடப் பயிற்சியையும் தனிக்கவனத்தையும் அதனோடு சேர்ப்பது இதன் வடிவம். இப்பாதைகளில் பயின்றோர் கூடுதல் பாடங்களில் தேர்ச்சி பெற்றதையும் இடைநிற்றல் குறைந்ததையும் மதிப்பீடுகள் காட்டின. எல்லாரையும் கல்லூரிக்கு அனுப்ப முயல்வது வீண் செலவு என்போரும், கண்டிப்பான பாடப் பயிற்சி ஒன்றே இடைவெளியைக் குறைக்கும் என்போரும் உள்ளனர். ஆனால் வருவாய்ப் பலனையும் கல்லூரி வாய்ப்பையும் ஒருசேரக் கோரும் உரிமை கறுப்பினப் பெற்றோருக்கு இல்லை என்பதை அவர்களது வாதங்கள் எதுவும் நிறுவவில்லை.

ஆகவே புதிதாகத் தொழிற்பாதை தொடங்கும் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும், எந்தப் பாதையில் எந்த இனத்து மாணவர் எத்தனை பேர் சேர்ந்தனர், அவர்களில் எத்தனை பேர் உயர்கணிதத்தை முடித்தனர், எத்தனை பேருக்குப் பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதி கிட்டியது என்பதை ஆண்டுதோறும் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும். அந்தக் கணக்கை வெளியிட மறுக்கும் திட்டத்துக்குப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை ஒப்படைக்கக் கூடாது.